பால்வாடிப் பிள்ளைகளைப் பல் தேய்க்கப் பழக்குவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் அங்கன்வாடி நடத்தும் ஒரு டீச்சர் கேட்டிருந்தார். அவர் சென்டரில் இருபது பிள்ளைகள், மூன்று வயது முதல் ஐந்து வயது வரை. பாதிப் பேருக்கு மேல்வரிசை முன்பல் கறுத்திருக்கிறது. சுவரில் படம் ஒட்டி, பிளாஸ்டிக் பல்செட் வைத்துக் காட்டி, பாட்டும் பாடிச் சொல்லிக்கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. பிரஷ் வாங்கிக் கொடுத்தால் பேஸ்ட்டைச் சப்பித் தின்றுவிடுகிறார்கள். வாஷ்பேசின் கிடையாது. ஒரு பையன் வாயையே திறப்பதில்லை. போதாததற்கு ஒரு பாட்டி, "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு மக்களே இந்தப் பாடு?" என்று கேட்டாராம். இதற்கெல்லாம் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

டீச்சர், நான் இந்த மாவட்டத்தில் பல் மருத்துவம் பார்க்கிறவள். பால்வாடிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் முகாமுக்குப் போகிறவள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது இதுதான்: பாடத்தை நிறுத்திவிடுங்கள், தினமும் தேய்க்க வையுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிருமி, சொத்தை, சுகாதாரம் என்று விளக்கினால் அது தலையை ஆட்டும், அவ்வளவுதான். சாப்பிடும் முன் கை கழுவுவதையும் மதியம் பாயில் படுப்பதையும் நீங்கள் விளக்கிப் புரியவைக்கவில்லை. தினமும் நடந்தது, பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. பல் தேய்ப்பதையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

இதை வீட்டில் பெற்றோர்தானே செய்ய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். செய்ய வேண்டும்தான். ஆனால் நம் ஊர்க் காலை எப்படி விடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். தோவாளையில் பூ வேலைக்காரர்களுக்கு விடியுமுன்பே சந்தை. கடற்கரையில் அப்பா கடலில் இருப்பார், அம்மா மீன் எடுக்கக் கரைக்குப் போயிருப்பார். அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்குப் போகும் அம்மா எட்டு மணிக்குள் சமைத்து, பிள்ளையை விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பல்லைக் காலையில் யார் தேய்ப்பது? பாட்டி தேய்ப்பார், அல்லது யாரும் தேய்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உங்கள் சென்டரில் நடப்பதுதான் அன்றைக்கு உருப்படியாக நடக்கும் ஒரே பல் தேய்ப்பாக இருக்கும். அதனால் இதை விளையாட்டு வகுப்பாக நினைக்காமல் சத்துமாவு, முட்டை மாதிரியே பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய ஒன்றாக நினையுங்கள்.

இப்படிச் செய்தால் பலன் உண்டா என்பதற்கு நல்ல சாட்சி ஸ்காட்லாந்து. அங்கே நர்சரிகளில் டீச்சர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் தினமும் ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்துத் தேய்க்கிறார்கள். சைல்ட்ஸ்மைல் என்று திட்டத்துக்குப் பெயர், 2006 வாக்கில் தொடங்கியது. பள்ளியில் சேரும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் அங்கே 2003-ல் 45 சதவீதம். 2018-ல் 71 சதவீதம். நர்சரியில் தேய்த்தது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கூடவே மற்ற வேலைகளும் நடந்தன, ஆனால் அந்தத் திட்டத்தின் நடு வேலை இதுதான். பிலிப்பைன்ஸில் இன்னும் எளிமையாக, பள்ளி முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கை கழுவவும் பல் தேய்க்கவும் வைத்தார்கள். அங்கேயும் எல்லாப் பள்ளியிலும் பளிங்கு வாஷ்பேசின் இருக்கவில்லை.

பல்லுக்குள் நடப்பது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பல்லில் படியும் மாவு போன்ற படலத்தில் கிருமிகள் இருக்கின்றன. நாம் தின்னும் இனிப்பை அவை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே சேர்க்கிறது. நாள் முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கும். வாயில் ஃப்ளோரைடு கொஞ்சம் தங்கியிருந்தால் திரும்பச் சேருவது வேகமாகிறது, சேர்ந்ததும் முன்னைவிட உறுதியாக இருக்கிறது. ஆகவே பிரஷ் படலத்தைத் துடைப்பது பாதி வேலை; பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடைப் பல்லின் மேல் கொண்டுபோய் வைப்பது மீதிப் பாதி. பிள்ளைகள் பிரஷ்ஷை எப்படிப் பிடிக்கிறார்கள், வட்டமாகத் தேய்க்கிறார்களா, குறுக்கே தேய்க்கிறார்களா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று வயதில் முஷ்டியாகத்தான் பிடிக்கும். நன்றாகத் தேய்க்கும் கைப்பழக்கம் ஏழெட்டு வயதில்தான் வரும். அதுவரை பேஸ்ட் எல்லாப் பல்லிலும் பட்டால் போதும்.

இதே காரணத்தால்தான் உங்களுக்கு வாஷ்பேசின் தேவையில்லை. தேய்த்து முடித்ததும் துப்ப வேண்டும், வாய் கொப்பளிக்க வேண்டாம். நம் ஆட்களுக்கு இது விநோதமாக இருக்கும். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நாலு தடவை கொப்பளித்தால்தான் பல் தேய்த்த மாதிரி இருக்கும் நமக்கு. ஆனால் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. நுரையைத் துப்பிவிட்டு, உதட்டைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தால் நல்லது. பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வையுங்கள். ஆளுக்கொரு காகிதக் கப், அல்லது பழைய செய்தித்தாள் துண்டு, அதில் துப்பட்டும். மழை இல்லாத நாளில் முற்றத்துத் தென்னை மூட்டில் வரிசையாக நின்று துப்பினாலும் சரி. பிரஷ்களை மட்டும் ஆயா பிறகு குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவினால் போதும். ஒரே வாளித் தண்ணீரில் எல்லாப் பிரஷ்ஷையும் முக்கி எடுக்கவே கூடாது, ஒருவர் வாய்க் கிருமி எல்லாருக்கும் போகும்.

அடுத்து பேஸ்ட். கடையில் குழந்தைகளுக்கென்று பழ வாசனையோடு விற்பதில் பலவற்றில் ஃப்ளோரைடு அரைகுறை, சிலவற்றில் அறவே இல்லை. மூலிகைப் பேஸ்ட் பலவற்றிலும் இல்லை. டியூபின் பின்பக்கம் பாருங்கள்: சோடியம் ஃப்ளோரைடு, அல்லது சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்று போட்டிருக்க வேண்டும், அளவு 1000 பிபிஎம் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவும் அதுதான். நீங்களும் நானும் தேய்க்கும் சாதாரண வெள்ளைப் பேஸ்ட்டே பெரும்பாலும் போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு அரிசிமணி அளவு, மூன்று முடிந்ததும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பிழிந்து காட்டுவதை மறந்துவிடுங்கள்.

விழுங்குகிறார்களே என்ற உங்கள் பயத்துக்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. பட்டாணி அளவு என்பது கால் கிராம். அதை முழுசாக விழுங்கினாலும் உள்ளே போவது கால் மில்லிகிராம். விஷமாகிவிடுமோ என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கு 75 மில்லிகிராம், அதாவது 75 கிராம் பேஸ்ட், ஒரு பெரிய டியூபில் முக்கால்வாசி. அதற்கு ரொம்பக் குறைவாக விழுங்கினாலே வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். ஆகவே டியூப் எப்போதும் உங்கள் அலமாரியில், பூட்டி. பிள்ளை கையில் தரவே கூடாது. தினமும் நிறைய விழுங்கினால் பின்னால் முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டு வரலாம். அதற்காகத்தான் அரிசிமணி, பட்டாணி என்று அளவைப் பிடித்துக்கொள்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரித் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு கூடிய ஊர்களில் கவனம் இன்னும் கொஞ்சம் வேண்டும். நம் மாவட்டம் அந்தப் பட்டியலில் பேசப்படும் ஊர் இல்லை. துப்பப் பழகுவது மெதுவாகத்தான் வரும். முதலில் வெறும் தண்ணீரைத் துப்பிக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

பேஸ்ட்டை டியூபிலிருந்து நேராகப் பிரஷ்ஷில் பிழியாதீர்கள். ஒரு பிரஷ்ஷில் டியூப் வாய் பட்டு அடுத்ததில் படும். சுத்தமான எவர்சில்வர் தட்டின் விளிம்பைச் சுற்றி இருபது பொட்டாக வைத்துவிடுங்கள், இடைவெளி விட்டு. தட்டோடு சுற்றி வந்து ஒவ்வொரு பிள்ளையின் பிரஷ்ஷாலும் ஒரு பொட்டை எடுத்துக் கொடுங்கள். அளவும் மாறாது, டியூபும் சுத்தமாக இருக்கும்.

பிரஷ் மாறிப் போவதுதான் பால்வாடியில் பெரிய தலைவலி. பெயர் எழுதினால் உங்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. ஆளுக்கொரு படம் கொடுங்கள்: ஒருவனுக்கு மீன், ஒருத்திக்கு நண்டு, இன்னொருத்திக்குத் தேங்காய், அப்புறம் மயில், குடை, வள்ளம், தாமரை. பிரஷ் கைப்பிடியில் கியூடெக்ஸால் வரைந்துவிட்டால் தண்ணீரில் அழியாது. மார்க்கர் சீக்கிரம் போய்விடும். அதே படத்தைப் பிரஷ் வைக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். பிள்ளைகள் இதில் அசாத்தியச் சுறுசுறுப்பு. ஒரு சென்டரில் நான் தவறுதலாக நண்டுப் பிரஷ்ஷைக் குடைக்காரனிடம் நீட்டியதும், நண்டுக்குச் சொந்தக்காரி எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அதை வாங்கிக்கொண்டு, குடையைத் தேடி எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மூன்றரை வயதுதான் இருக்கும்.

வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும், ஏனென்றால் நமக்கு இரண்டு மழை. ஜூன் மாதத்திலும் ஈரம், ஐப்பசியிலும் ஈரம். மூடி போட்ட டப்பாவில் பிரஷ்ஷை வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சைக் கறை தெரியும். ஒரே டம்ளரில் எல்லாவற்றையும் சொருகினால் தலையோடு தலை உரசும். ஊர் ஆசாரியிடம் ஒரு பலகையில் ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்கள், ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி, பிரஷ் தலை மேலே, காற்றுப் படுகிற மாதிரி, கழிவறைக்கு எட்டத் தள்ளி. ஈ மொய்க்காமல் மேலே ஒரு கொசுவலைத் துணி போதும். கீழே விழுந்த பிரஷ், வேறு பிள்ளை வாயில் வைத்த பிரஷ் இரண்டும் குப்பைக்கு, கழுவித் திரும்பக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், வாய்ப்புண், தக்காளிக் காய்ச்சல் என்று வந்த பிள்ளைக்குக் குணமாகும்வரை சென்டரில் தேய்ப்பு வேண்டாம், குணமானதும் புதுப் பிரஷ். மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கடித்துக் கடித்து நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

எப்போது தேய்க்கலாம்? காலையில் வந்தவுடன் வேண்டாம், பாதிப் பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் சொக்கும், ஆயாவுக்கும் பாத்திரம் கழுவும் நேரம். முற்பகல் சத்துமாவு உருண்டையோ கொழுக்கட்டையோ தின்று கை கழுவிய கையோடு தேய்ப்பது எனக்குப் பிடித்த நேரம். மாவு பல்லில் ஒட்டும், வெல்லமும் சேர்ந்திருக்கும், உடனே துடைத்துவிடலாம். வேறு நேரம் உங்களுக்கு வசதி என்றால் அதுவே இருக்கட்டும், தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி.

முதல் வாரம் நீங்கள் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து உங்கள் பல்லைத் தேயுங்கள். நிஜமாகவே, பேஸ்ட் வைத்து, நுரை வர. ஆயாவும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பல்செட் செய்யாததை இது செய்யும், பிள்ளைகள் பார்த்துச் செய்கிறவர்கள். அப்புறம் நாலு வயது தாண்டிய நாலைந்து பேரோடு தொடங்குங்கள். சின்னவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு நாளில் தாங்களே பிரஷ் கேட்பார்கள். கடைவாய்ப் பல்லின் கடிக்கும் பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள், குழிகள் அங்கேதான், சோறும் மாவும் அங்கேதான் அடைகின்றன. முன்பல்லில் தொடங்கினால் அதோடு நிறுத்திவிடுவார்கள். வலப்பக்கம் கீழே இருபது எண்ணும்வரை, மேலே இருபது, இடப்பக்கமும் அதே மாதிரி, கடைசியில் சிரித்துக்கொண்டு முன்பல். எல்லாரும் சத்தமாக எண்ணுவது பிடித்துப் போகும், எண்ணும் பழகும். தினமும் இரண்டு மூன்று பிள்ளைகளை முறை வைத்து உங்கள் மடிக்கு வரச் சொல்லி, பின்னாலிருந்து தலையைச் சாய்த்துப் பிடித்து, நீங்களே ஒரு தடவை முழுசாகத் தேய்த்துவிடுங்கள். பல்லைப் பார்ப்பதற்கும் அதுதான் நேரம்.

வாய் திறக்காத பையனைப் பற்றி. பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளும் முன், அவனுக்கு வலி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமாகவே மெல்லுகிறானா, குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது முகம் சுளிக்கிறானா, மேலுதட்டை மெதுவாகத் தூக்கினால் ஈறில் கொப்புளம் மாதிரி ஏதாவது தெரிகிறதா? இருந்தால் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்வதுதான் முதல் வேலை, பிரஷ் பிறகு. வலி இல்லை என்றால் விட்டுப் பிடியுங்கள். பேஸ்ட் இல்லாத பிரஷ்ஷைக் கையில் கொடுத்து வட்டத்தில் உட்கார வையுங்கள், வாயில் வைக்கச் சொல்லாதீர்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்கித் தேய்ப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்தப் பயம் பெரியவனான பிறகும் போகாது. பல் நாற்காலியைப் பார்த்து நடுங்கும் பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

பாட்டியின் கேள்வி நியாயமான கேள்விதான், மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். பால்பல் இருபது. முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மை. ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பல் பத்துப் பதினொரு வயதுவரை இருந்தாக வேண்டும். அது சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்கப்பட்டால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், அடியில் வரும் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். சீழ் வைத்தால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்கும் கேடு. எல்லாவற்றுக்கும் மேலே, பல்வலிக்காரப் பிள்ளை ராத்திரி தூங்காது, சாப்பிடாது, எடை ஏறாது. இதைச் சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும், பேரனோடு ராத்திரி விழித்திருப்பவர் அவர்தானே.

அதே பாட்டி வீட்டில் உமிக்கரி வைத்துப் பிள்ளைக்குத் தேய்த்துவிடுகிறவராக இருக்கலாம். உமிக்கரி சொரசொரப்பு, பால்பல்லின் எனாமல் மெல்லிசு, தேய்ந்துபோகும்; ஃப்ளோரைடும் அதில் இல்லை. ஆனால் பிள்ளையின் வாய்க்குள் பெரியவர் விரல் விட்டு ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துவிடும் பழக்கம் இருக்கிறதே, அது அருமையான பழக்கம், இன்றைய அம்மா அப்பாக்கள் பலர் விட்டுவிட்டது. அதனால் அவரைக் குறை சொல்லாமல், கரிக்குப் பதிலாக ஒரு பட்டாணி பேஸ்ட்டும் பிரஷ்ஷும் கொடுங்கள். முக்கியமாக ராத்திரித் தேய்ப்பை அவரிடம் ஒப்படையுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடும், அமிலத்தைத் தணிக்க ஆள் இல்லை. தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறு ஒன்றும் வாய்க்குள் போகக் கூடாது.

உங்கள் பிள்ளைகளுக்கு மேல்வரிசை முன்பல் கறுத்திருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டிலில் சீனிப்பாலோ கருப்பட்டிக் காப்பியோ குடித்துக்கொண்டே தூங்கும் பிள்ளைக்கு மேல் முன்பல் நாலும் முதலில் போகும், கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். கருப்பட்டி உடம்புக்கு நல்லது, அது ஒன்றும் செய்யாது என்று நம் ஊரில் எல்லாரும் நம்புகிறோம். பல்லைப் பொறுத்தவரை கருப்பட்டியும் சீனிதான், தேனும் அப்படித்தான். சாயாவில் முக்கிய ரஸ்க், சர்க்கரைவரட்டி, மிட்டாய் எல்லாவற்றையும் ஒழிக்கச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், நாள் முழுக்கக் கொறிக்க விடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். கொறிக்க மட்டி வாழைப்பழம் கொடுக்கலாம், அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கொடுக்கலாம். பிறந்தநாளுக்கு மிட்டாய் கொண்டு வருகிறவர்களைப் பென்சில் கொண்டு வரச் சொல்லலாம்.

செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இருபது பிள்ளைகளுக்குக் கால் கிராம் வீதம் நாளைக்கு 5 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் டியூப் ஒன்று. பிரஷ் வருடத்துக்கு எண்பது, விழுந்ததும் தொலைந்ததும் சேர்த்து நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கமிட்டி, மகளிர் குழு, கோயில் நிர்வாகம், கடற்கரை ஊர் என்றால் தேவாலயப் பங்கில் உள்ள அன்பியக் குழு, யாரிடம் கேட்டாலும் மறுக்க மாட்டார்கள். தொடங்கும் முன் பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்பவரின் பிள்ளையை ஒதுக்கி வைக்காமல், பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ்ஷோடு உட்கார வையுங்கள்.

மடியில் சாய்த்துத் தேய்க்கும்போது மேலுதட்டையும் தூக்கிப் பாருங்கள், ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் தினமும் ஃப்ளோரைடு பட்டால் திரும்பக் கெட்டிப்பட வழி உண்டு. பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும், பல் சொத்தையும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் வரும்போது அந்த நோட்டைக் கையில் கொடுத்து, எங்கே அனுப்புவது என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஐந்து முடிந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆறு வயதை ஒட்டிக் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால், அதையும் பால்பல் என்று நினைத்துத் தாய்மார் விட்டுவிடுகிறார்கள். எட்டு வயதில் ஓட்டையோடு என்னிடம் கொண்டு வருகிறார்கள். அது நிரந்தரப் பல், போனால் வேறு வராது. மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராகத் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாது. கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக விட்டுத் தேய்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டு, அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டி, பிரஷ்ஷை அப்படி விட்டு அவர்களையே ஒரு தடவை தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.